ஒரே ‘இல்’, ஆங்கிலத்தில் மூன்று

ஆங்கிலத்தில் வருஷக்கணக்காக மெயில் எழுதிப் பழகியவர்கள்கூட ஓர் இடத்தில் கையை நிறுத்திவிட்டு யோசிப்பார்கள். இங்கே ‘இன்’ போடுவதா, ‘ஆன்’ போடுவதா, ‘அட்’ போடுவதா? காலம், ஒருமை பன்மை எல்லாம் போகப் போகப் பழகிவிடும். பிரிபொசிஷனில் மட்டும் சந்தேகம் தீருவதில்லை. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன். மாலை நேரத்தில், வேலைக்குப் போகிற பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. நம் தவறுகள் கண்டபடி வருவதில்லை. எந்தத் தமிழ் உருபு எந்தத் தவறுக்கு நம்மை இழுத்துப் போகிறது என்று பெரும்பாலும் கை வைத்துக் காட்டிவிடலாம். அது தெரியாமல் பட்டியலை மனப்பாடம் செய்வதால்தான் பரீட்சையில் கோடிட்ட இடத்தைச் சரியாக நிரப்பிய பிள்ளையே பேசும்போது தடுமாறுகிறது.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்த அர்த்தத்திலிருந்தே தொடங்கலாம். ‘இன்’ என்றால் உள்ளே, ‘ஆன்’ என்றால் மேலே. மேஜை மேல் புத்தகம் இருக்கிற வரை இதில் சிக்கல் இல்லை. இப்போது விட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லியைப் பாருங்கள். அது விட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதுவும் ‘ஆன் த சீலிங்’தான். சுவரில் மாட்டிய காலண்டர் ‘ஆன் த வால்’, விரலில் போட்ட மோதிரம் ‘ஆன் ஹெர் ஃபிங்கர்’, சட்டையில் பட்ட கறை ‘ஆன் த ஷர்ட்’. இவற்றில் எதுவும் நாம் நினைக்கிற மாதிரி மேலே இல்லை. ‘ஆன்’ பார்ப்பது உயரத்தை அல்ல, தொடுதலை. ஒரு பரப்பையோ கோட்டையோ ஒட்டியிருந்தால் போதும். அதே விட்டத்துக்கு மேலே, தொடாமல், மாடியில் ஆள் நடக்கிறார் என்றால் ‘அபவ்’ வரும். ‘ஆன் = மேலே’ என்று ஒரு தடவை மனதில் பதிந்துவிட்டால், சுவர், விட்டம், விரல் என்று ஒவ்வொரு இடத்திலும் கை தயங்கும்.

நமக்குப் பெரிய சிக்கல் ‘இல்’ என்ற உருபுதான். வீட்டில் இருக்கிறேன், மேஜையில் வைத்தேன், பெட்டியில் போட்டேன், ஸ்டாப்பிங்கில் நிற்கிறேன், மார்ச்சில் கல்யாணம், கணக்கில் கெட்டி. அத்தனைக்கும் ஒரே ‘இல்’. ஆங்கிலத்தில் இவை ‘அட் ஹோம்’, ‘ஆன் த டேபிள்’, ‘இன் த பாக்ஸ்’, ‘அட் த பஸ் ஸ்டாப்’, ‘இன் மார்ச்’, ‘குட் அட் மேத்ஸ்’ என்று பிரிந்து போகின்றன. நாம் ‘இல்’லுக்கு நேராக ‘இன்’னைப் போட்டுவிடுகிறோம். ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் சட்டென்று வாயில் வந்துவிடுகிறது.

தமிழுக்கு இந்த நுட்பம் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்கு இடப்பொருள் சொற்களாக அடுக்கும் வரிசையைப் பாருங்கள்: கண், கால், புறம், அகம், உள், உழை, கீழ், மேல், பின், சார், அயல், புடை, தேவகை, முன், இடை, கடை, தலை, வலம், இடம். 19 சொற்கள். இன்றைய பேச்சில் அவற்றில் சில வழக்கொழிந்தன, சில மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அன்றாடச் சுமையில் பெரும்பகுதியை ‘இல்’ ஒன்றே தூக்குகிறது. நமக்கு அதுவே போதுமானதாகவும் இருக்கிறது. மேஜை என்றாலே மேலே, பெட்டி என்றாலே உள்ளே என்று பெயர்ச்சொல்லே சொல்லிவிடுவதால் உருபு சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலம் அப்படி விடாது. அந்த இடத்தைப் பேசுகிறவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை ஒவ்வொரு தடவையும் சொல்லச் சொல்லும்.

பார்க்கிற விதம் மூன்று. ஒரு புள்ளியாகப் பார்த்தால் ‘அட்’, கோடாகவோ பரப்பாகவோ பார்த்தால் ‘ஆன்’, நாலு பக்கமும் எல்லை உள்ள இடமாகப் பார்த்தால் ‘இன்’. இதை விளக்க எனக்குப் பிடித்த ஊர் அரக்கோணம். ‘இந்த ரயில் அரக்கோணத்தில் நிற்கும்’ என்றால் ‘அட் அரக்கோணம்’. ‘என் அக்கா அரக்கோணத்தில் இருக்கிறாள்’ என்றால் ‘இன் அரக்கோணம்’. ஊர் மாறவில்லை, தமிழ் உருபும் மாறவில்லை. ரயிலுக்கு அந்த ஊர் பாதையில் ஒரு புள்ளி. அக்காவுக்கு அது தெருவும் கடையும் பள்ளிக்கூடமும் உள்ள இடம். திருச்சி காவிரிக் கரையில் இருக்கிறது என்பது ‘ஆன் த காவிரி’. ஆறு ஒரு கோடு, ஊர் அதை ஒட்டியிருக்கிறது. பாம்பனும் தீவு, இலங்கையும் தீவு. ஆனால் ‘ஆன் பாம்பன் ஐலண்ட்’, ‘இன் ஸ்ரீலங்கா’. பாம்பனை நிலப்பரப்பாகவும் இலங்கையை எல்லையுள்ள ஒரு நாடாகவும் பார்ப்பதால் வந்த வேறுபாடு அது.

முகவரியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கதவு எண்ணோடு சேர்த்துச் சொன்னால் ‘அட்’, தெருவை மட்டும் சொன்னால் ‘ஆன்’, மயிலாப்பூர் என்று பகுதியைச் சொன்னால் ‘இன்’. இங்கிலாந்துக்காரர்கள் தெருவுக்கும் ‘இன்’ போடுவார்கள், அமெரிக்கர்கள் ‘ஆன்’ என்பார்கள். இரண்டும் சரி. மூலை என்ற சொல்லும் பார்க்கத்தக்கது. அறையின் மூலையில் நாற்காலி இருந்தால் ‘இன் த கார்னர்’, தெருமுனையில் டீக்கடை இருந்தால் ‘அட் த கார்னர்’ அல்லது ‘ஆன் த கார்னர்’. உள்ளே இருந்து பார்த்தால் மூலை, வெளியே இருந்து பார்த்தால் முனை. நம்மிடம் பெயர்ச்சொல் மாறுகிறது, அவர்களிடம் பிரிபொசிஷன் மாறுகிறது.

பஸ் விஷயத்தில் ரொம்பக் கறாராக இருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. காரிலும் ஆட்டோவிலும் குனிந்து ஏறி உட்காருகிறோம், அது ‘இன்’. பஸ், ரயில், விமானம், கப்பல் இவற்றில் எழுந்து நடக்க இடம் உண்டு, அவை ‘ஆன்’. ஏறுவதும் அப்படித்தான்: காருக்கு ‘கெட் இன்ட்டு’, பஸ்ஸுக்கு ‘கெட் ஆன்’. ஆனால் ‘பஸ்ஸுக்குள் ஒரே புழுக்கம்’ என்று சொல்ல வரும்போது ‘இன் த பஸ்’ என்றால் அது தவறே அல்ல. ‘பை வாக்’ என்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். நடந்து வந்தால் ‘ஆன் ஃபுட்’. அதேபோல ‘பை பஸ்’, ‘பை கார்’ என்று சொல்லும்போது நடுவில் வேறு சொல் வராது. ‘என் காரில் வந்தேன்’ என்றால் ‘இன் மை கார்’ என்று மாறிவிடும்.

அடுத்து ‘ஆல்’. கல்லால் கண்ணாடியை உடைத்தான், அவனால் உடைக்கப்பட்டது. கருவிக்கும் ஆல், செய்தவனுக்கும் ஆல். கூட வந்தவனுக்கு ‘ஓடு’: தம்பியோடு வந்தான். நன்னூல் இந்தக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி மூன்றையும் ஒரே மூன்றாம் வேற்றுமையில் வைக்கிறது. ஆங்கிலத்திலும் இந்த மூன்றும் நெருங்கிய உறவுதான், ஆனால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. கருவியும் கூட்டாளியும் ‘வித்’தில் சேர்ந்துகொள்கின்றன, செய்தவன் மட்டும் ‘பை’யில் தனியே நிற்கிறான். அதனால்தான் நம் பிள்ளைகள் ‘பை அ நைஃப்’ என்று கத்தியைச் செய்தவன் வரிசையில் நிறுத்திவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கையில் பிடித்ததா, கையை உடையவரா? கையில் பிடித்தது என்றால் ‘வித்’. இந்த ‘வித்’துக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘எதிராக’ என்ற பொருள் இருந்தது. எதிர்த்துத் தாங்குவதைச் சொல்லும் ‘வித்ஸ்டாண்ட்’ என்ற சொல்லில் அது இன்னும் ஒட்டியிருக்கிறது. ‘ஃபைட் வித்’ என்றால் எதிர்த்துச் சண்டை போட்டானா, சேர்ந்து சண்டை போட்டானா என்ற குழப்பம் இன்றும் உண்டு. ‘அவனோடு சண்டை’ என்று நாமும் அதே குழப்பத்தைத்தான் வைத்திருக்கிறோம்.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி. ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப் போலப் பெயர்ச்சொல்லின் ஈற்றில் வேற்றுமையை ஒட்டிய மொழிதான். ஏறத்தாழ ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் எழுவாய்க்கு ஒரு ஈறு, செயப்படுபொருளுக்கு ஒன்று, உடைமைக்கு ஒன்று, கொடைக்கு ஒன்று என்று இருந்தன. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்கு முன்பே தேயத் தொடங்கியிருந்த அந்த ஈறுகள், அடுத்து வந்த நூற்றாண்டுகளில் பெரும்பாலும் மறைந்தே போயின. அவை செய்துவந்த வேலையை ‘ஆஃப்’, ‘டு’, ‘வித்’, ‘பை’ போன்ற சின்னச் சொற்களும் சொல் வரிசையும் எடுத்துக்கொண்டன. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1960களில் பத்து லட்சம் சொற்களைத் தொகுத்து எண்ணியபோது ‘த’ என்பதற்கு அடுத்தபடியாக அதிகம் வந்த சொல் ‘ஆஃப்’. இந்தச் சின்னச் சொற்கள் இவ்வளவு முக்கியமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். தமிழில் உருபு செய்கிற வேலையை அங்கே இவை செய்கின்றன. ஓர் உருபு மாறினால் தமிழ் வாக்கியம் எப்படித் தலைகீழாகுமோ, அங்கேயும் அப்படித்தான்.

சரி, தமிழ் நம்மை வழி தவற வைக்கிற இடங்கள் இவை. தமிழைக் கேட்டிருந்தாலே சரியாக வந்திருக்கும் இடங்களும் நிறைய உண்டு. யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்ற வாக்கியம் எல்லா அலுவலகத்திலும் கேட்கும். இந்தியில் ‘தோ சால் சே’ என்றும், ‘2015 சே’ என்றும் இரண்டுக்கும் ஒரே ‘சே’ வருவதால், இந்தி பேசுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வர நியாயம் இருக்கிறது. நமக்கு இல்லை. நாம் ‘இரண்டு வருஷமாக’ என்கிறோம், ‘2015இலிருந்து’ என்கிறோம். வேறு வேறாகவே பேசுகிறோம். ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’, ‘இருந்து’ வந்தால் ‘சின்ஸ்’. காலையிலிருந்து காத்திருக்கிறேன், ‘சின்ஸ் மார்னிங்’. மூன்று மணி நேரமாகக் காத்திருக்கிறேன், ‘ஃபார் த்ரீ அவர்ஸ்’. அந்த வாக்கியத்தில் தமிழ் செய்த தவறு வேறு இடத்தில் இருக்கிறது. ‘வேலை பார்க்கிறேன்’ என்ற நிகழ்காலத்தை அப்படியே கொண்டுபோனதால் ‘ஆம் வொர்க்கிங்’ வந்தது. அங்கே ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ வர வேண்டும்.

கெடு சொல்வதும் அப்படியே. ‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்’ என்பதற்கும் ‘வெள்ளிக்கிழமை வரை ஊரில் இருப்பேன்’ என்பதற்கும் வித்தியாசம் தெரியாத தமிழர் இல்லை. ‘உள்’ளுக்கு ‘பை’, ‘வரை’க்கு ‘டில்’ அல்லது ‘அன்ட்டில்’. முதலாவது ஒரு தடவை நடந்து முடிகிற காரியம், இரண்டாவது அதுவரை நீள்கிற நிலை. ‘பத்து நிமிஷத்தில் வருகிறேன்’ என்பது ‘இன் டென் மினிட்ஸ்’. இங்கே ‘இல்’லும் ‘இன்’னும் அப்படியே பொருந்துகின்றன. ஆனால் நாம் ‘பத்து நிமிஷம் கழித்து’ என்ற இன்னொரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு ‘ஆஃப்டர் டென் மினிட்ஸ்’ என்கிறோம்.

சதவீதத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் காசு இருக்கிறது. நூறு ரூபாய்ப் பொருள் ‘ரெட்யூஸ்டு பை 20 பர்சென்ட்’ என்றால் விலை 80 ரூபாய். ‘ரெட்யூஸ்டு டு 20 பர்சென்ட்’ என்றால், பழைய விலையில் 20 சதவீதம்தான், அதாவது 20 ரூபாய். தமிழில் ‘20 சதவீதம் குறைந்தது’, ‘20 சதவீதமாகக் குறைந்தது’. அந்த ‘ஆக’ செய்கிற வேலையை அங்கே ‘டு’ செய்கிறது. அறிக்கைகளை மொழிபெயர்க்கும்போது நான் மிகவும் நிதானமாகப் படிக்கிற சொற்கள் இவை இரண்டும்தான். வட்டி, வரி, விளைச்சல், மக்கள்தொகை எதுவானாலும், ஏறினது எவ்வளவு, ஏறிப்போய் நின்றது எங்கே என்பதை இந்தச் சின்னச் சொல்தான் சொல்கிறது. இங்கே கை தவறினால் அது இலக்கணப் பிழையாக நிற்காது, செய்தியே பொய்யாகிவிடும்.

நாள் கணக்கில் ஒரு சின்ன விஷயம். மணிக்கு ‘அட்’, கிழமைக்கு ‘ஆன்’, மாதத்துக்கும் வருஷத்துக்கும் ‘இன்’. இது எல்லாருக்கும் தெரியும். ‘இன் த மார்னிங்’ என்றாலும் திங்கட்கிழமை காலை என்றால் ‘ஆன் மண்டே மார்னிங்’. இரவு மட்டும் ‘அட் நைட்’, அது வழக்கம், அவ்வளவுதான். போன, அடுத்த, இந்த, ஒவ்வொரு என்ற சொல் முன்னால் வந்துவிட்டால் பிரிபொசிஷனே வேண்டாம். ‘அடுத்த திங்கட்கிழமை வா’ என்று நாமும் உருபு இல்லாமல்தானே சொல்கிறோம்? ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ என்று எழுத வைப்பது தமிழ் அல்ல, பாதி படித்த விதி.

இனி வினைச்சொற்கள். ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்பதால் ‘டிஸ்கஸ்டு அபவுட்’. ‘மதுரைக்குப் போய்ச் சேர்ந்தேன்’ என்பதால் ‘ரீச்டு டு மதுரை’. ‘அவரிடம் கேட்டேன்’ என்பதால் ‘ஆஸ்க்டு டு ஹிம்’. ‘அறைக்குள் நுழைந்தேன்’ என்பதால் ‘என்ட்டர்டு இன்ட்டு த ரூம்’. நாலிலும் அந்தப் பிரிபொசிஷன் வேண்டாம். டிஸ்கஸ், ரீச், ஆஸ்க், என்ட்டர் இவை நம் இரண்டாம் வேற்றுமை போல நேரே பொருளைத் தொடுகிற வினைகள். ஒப்பந்தத்துக்கு மட்டும் ‘என்ட்டர் இன்ட்டு அன் அக்ரிமென்ட்’ சரி, அங்கே நுழைவதற்குக் கதவு இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. ‘டீச் மீ’, ‘டெல் மீ’, ‘ஷோ மீ’ என்று பழகிய வாய் ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்றும் சொல்லிவிடுகிறது. அங்கே ‘டு மீ’ என்றுதான் வர வேண்டும். ‘எனக்கு விளக்குங்கள்’ என்பதில் உள்ள ‘கு’வை நினைத்துக்கொண்டால் மறக்காது.

‘ஹி இஸ் சீனியர் தேன் மீ’ என்பதற்குக் காரணம் ‘விட’. என்னைவிட மூத்தவர். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் ஆகியவை லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள், ஏற்கெனவே ‘விட’ என்ற பொருளைத் தமக்குள் வைத்திருப்பவை. அவற்றுக்கு ‘டு’தான். பிரிஃபருக்கும் அப்படியே: காபியைவிட டீ பிடிக்கும் என்றால் ‘பிரிஃபர் டீ டு காஃபி’. இதைக் கேட்டுவிட்டு சிலர் ‘ஓல்டர் டு மீ’ என்று எழுத ஆரம்பிக்கிறார்கள். ஓல்டர் அசல் ஆங்கிலச் சொல், அதற்கு ‘தேன்’தான் வேண்டும்.

வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று இன்னும் சில வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். 1672இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர் தனக்கு முந்தைய பென் ஜான்சனின் எழுத்தில் இதைக் குறையாகச் சொன்னார். அவருக்குப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வலுவான காரணம் இல்லை. ‘ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?’ என்று தைரியமாகக் கேளுங்கள்.

மிச்சம் இருப்பது, தமிழும் உதவாமல் படமும் உதவாமல் நிற்கிற பெருங்கூட்டம். டிபெண்ட் ஆன், இன்ட்ரஸ்டட் இன், அஃப்ரெய்ட் ஆஃப், மேரீடு டு. இதில் காரணம் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம் என்பேன். வினையையும் பிரிபொசிஷனையும் ஒரே சொல்லாக நினைத்து, சேர்த்தே படிக்க வேண்டும். இதற்கென்றே ஒரு வகை அகராதி இருக்கிறது. 1924இல் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பான் போன ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆசிரியர், இன்னும் இருவரோடு சேர்ந்து, பிறமொழிக்காரர்களை மனதில் வைத்து ஓர் அகராதி தொகுத்தார். அது 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபடி வெளியிட்டது. இன்று மாணவர்கள் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழி வந்ததுதான். ஜப்பானிய மொழியிலும் இந்த இடைச்சொற்கள், நம் உருபு மாதிரி, பெயருக்குப் பின்னால்தான் வரும். அந்த மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர், வினையின் பொருளை மட்டும் சொன்னால் போதாது, அது எந்த அமைப்பில் வரும் என்பதையும் சொல்ல வேண்டும் என்று கண்டுகொண்டார். சாதாரண ஆங்கிலம்–தமிழ் அகராதியில் இது பெரும்பாலும் கிடைக்காது.

இப்போது அந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, கேம்பிரிட்ஜ், லாங்மன் அகராதிகளும் அப்படியே. எதையாவது தேடும்போது அர்த்தத்தைப் பார்த்ததும் மூடிவிடாமல், பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் அமைப்பையும் பாருங்கள். ‘அக்ரீ’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொல்வதை ஒத்துக்கொண்டால் ‘அக்ரீ வித்’. அவர் வைத்த யோசனைக்குச் சம்மதித்தால் ‘அக்ரீ டு’. இரண்டு பேரும் பேசி ஒரு தேதியை முடிவு செய்தால் ‘அக்ரீ ஆன்’. என்னிடம் படிக்கிற பிள்ளைகளை நோட்டில் ‘அக்ரீ’ என்று தனியாக எழுத விடுவதில்லை. மூன்று வரியாக, மூன்று வாக்கியத்தோடு, தங்கள் வேலையில் நிஜமாகவே சொல்ல வேண்டியிருக்கும் வாக்கியத்தோடு எழுதச் சொல்கிறேன். அடுத்த வாரம் ‘அப்ளை’: வேலைக்கு ‘ஃபார்’, கம்பெனிக்கு ‘டு’.